கூடைச் சண்டை

"எல்லம்மா, கூடைய மேல போடறதா, உள்ள வைக்கிறதா? சட்டுனு ஒண்ணு சொல்லு."

"மேலயே போடு நைனா."

கண்டக்டர் தணிகைவேல் கீரைக்கூடையைத் தூக்கிக்கொண்டு பின்பக்க ஏணியில் ஏறி, டாப்பில் வைத்துவிட்டு இறங்கினான்.

"தே, வேணாம் நைனா. மேல வச்சா காத்துல கீரை சருகாப் பூடும். உள்ளயே வச்சிடேன்."

தணிகைவேலுக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் வண்டி மானாம்பதியில் ஒரே நிமிஷம் நின்று ஏழு பத்துக்குக் கிளம்பியாக வேண்டும். ஆடி மாதத்திலிருந்து தினமும் இதே கூத்து. மனுஷனுக்கு இப்படியும் ஒரு சோதனை வருமா?

அவன் முணுமுணுத்துக்கொண்டே கூடையை இறக்கி முடித்தபோது, ஏரிக்கரை மேலிருந்து தாவணியை இழுத்துச் செருகியபடி ஓடி வந்த கஸ்தூரி வண்டியில் ஏறினாள். காஞ்சிபுரத்தில் பி.யூ.சி. படிக்கிற பெண்.

எல்லம்மா அவளையும் விடவில்லை.

"வாடி மகாராணி. கொஞ்சம் முன்னாடி எழுந்துக்கத் துப்பில்ல, உனுக்கு காலேஜு ஒரு கேடு."

கஸ்தூரி கம்பியைப் பிடித்துக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

வண்டியையே நிறுத்தி வைக்கிறவள் அடுத்தவருக்கு நேரத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறாள், நல்ல நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டே தணிகைவேல் விசில் அடித்தான்.

நேர விஷயத்தில் அவன் கறார். காலேஜ் திறந்த புதிதில், இரண்டு நாள் வண்டியை விட்டுவிட்டு, மூன்றாம் நாள் மூச்சிரைக்க வந்து ஏறிய கஸ்தூரி அவனிடம் கேட்டாள்.

"அண்ணா, ரெண்டு மாட்டையும் கறந்து சொசைட்டில பால் ஊத்திட்டுத்தான் காலேஜுக்குப் போவணும்னு எங்கப்பா சொல்லிட்டாரு. சொசைட்டியே ஆறரைக்குத்தான் தொறக்கறாங்க. ஒரு ரெண்டு நிமிஷம் நின்னீங்கன்னா..."

"ஒருத்தருக்காகல்லாம் வண்டி நிக்காதும்மா. இது இன்னா உங்க வூட்டு மாட்டுவண்டியா?"

"அடுத்த வண்டியில போனா ரெண்டு கிளாஸு பூடும்ணா. எல்லாம் இங்கிலீஷ்ல நடத்தறாங்க, உக்காந்து கேட்டாலே பாதி புரியல. அட்டெண்டன்ஸ் கொறஞ்சா பரீட்சையும் எழுத வுட மாட்டாங்க."

"அத உங்கப்பாருகிட்ட சொல்லு. எனுக்கு டைம்னா டைம்தான்."

வண்டியே கேட்கும்படிதான் சொன்னான். முன் சீட்டில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்த எல்லம்மாகூட ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதெல்லாம் அவள் நல்லவளாகத்தான் இருந்தாள்.

கஸ்தூரிக்கு முதல் பரீட்சையில் இரண்டு பாடம் போனது. பொங்கலுக்கு முந்தின பரீட்சையில் எல்லாவற்றிலும் பாஸ் என்று பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். எல்லம்மாதான் நாளுக்கு நாள் மோசமானாள்.

தை கடைசியில் தணிகைவேல் ஒரு வழி கண்டுபிடித்தான். பின் சீட்டுக்கு அடியில் இடத்தை ஒழித்து வைத்தான்.

"இனிமே இதான் உன் கூடைக்கு எடம். மேலயா உள்ளயான்னு பேச்சே இல்ல. இன்னா?"

எல்லம்மா தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். அவன் நிம்மதியாக விசிலை வாயில் வைத்தான்.

"ஐயோ, என் சுருக்குப்பை."

இறங்கிப் போய்ப் புளியமரத்தடியெல்லாம் தேடினாள். சுருக்குப்பை அவள் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டியில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரிந்தது, அவள் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை. கஸ்தூரி வந்து ஏறிய பிறகுதான், "தோ, இங்கயே கீது பாரேன்" என்று சாவகாசமாகத் திரும்பி வந்தாள்.

அன்றைக்குக் காஞ்சிபுரத்தில் தணிகைவேலுக்குச் செம டோஸ். இன்னொரு தரம் லேட்டானால் ரூட்டை மாற்றிவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

மறுநாள் அவன் வண்டிப் படியில் நின்று கையெடுத்துக் கும்பிட்டான்.

"உன்னால பேஜாராப் போச்சி எல்லம்மா. நாளைலேந்து உன்ன ஏத்த மாட்டேன்."

"ஏத்தாத. வண்டிக்கு முன்னாடி கூடைய வச்சிக்கினு உக்காந்துக்கறேன்."

செய்யக்கூடியவள்தான். அவன் படியை விட்டு விலகினான். காஞ்சிபுரம் போகும் வழியில் டிரைவர் கோபாலை விரட்டோ விரட்டென்று விரட்டி, மாசி, பங்குனியை எப்படியோ ஓட்டினான்.

சித்திரை பிறந்தது. ஒருநாள் காலை மானாம்பதியில் வண்டி நின்றது. எல்லம்மா ஏறினாள், பின் சீட்டுக்கு அடியில் கூடையைத் தள்ளினாள், உட்கார்ந்தாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

தணிகைவேலுக்கு விசில் ஊத வரவில்லை.

"இன்னா எல்லம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் கீறேன்."

"இன்னிக்கு சண்ட போடலியே?"

"அந்தப் பொண்ணுதான் நேத்தோட பரீட்ச எழுதி முடிச்சிடுச்சே. இனிமே இன்னாத்துக்கு சண்ட?"

அவன் திரும்பிப் பார்த்தான். ஏரிக்கரையில் யாரும் ஓடி வரவில்லை.

"கஸ்தூரி உனுக்கு ஒறவா?"

"ஒறவும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"அப்புறம் ஏன் என்ன இந்தப் பாடு படுத்தின? அதுக்காக நிறுத்தணும்னா, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

எல்லம்மா ஜன்னல் பக்கம் திரும்பி வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுதான் கேட்டுச்சே நைனா. உன் வண்டி கேட்டா நிக்க மாட்டேங்குது, சண்ட போட்டாத்தான் நிக்குது. நான் இன்னா பண்ணட்டும்?"