டாக்டர் பூட்டிய வீடியோ

"அந்த ஒரு வீடியோவை மட்டும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் பாலகுமார் ரவுண்ட்ஸ் கிளம்பியதும், ஃபாயிஸாவுக்கு எரிச்சலாக வந்தது.

குன்னூரில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் வீடியோக்களைச் சேமித்து வைப்பது அவள் வேலை. வயிற்றில் துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டுச் செய்கிற ஆபரேஷன்கள் முழுக்கப் பதிவாகும். இன்று கம்ப்யூட்டர் இடமில்லை என்று கையை விரித்துவிட்டது. பத்து மணிக்குள் இடம் பண்ணியாக வேண்டும்.

பத்து மணி ஆபரேஷன் அவளுடைய அம்மா ஹபீபுன்னிசாவுக்கு. பித்தப்பையில் கல்.

மேனேஜர் கமலேஷ் எட்டிப் பார்த்தார். "மூணு வருசத்துக்கு முந்தினதையெல்லாம் அழிச்சாச்சுங்களா?"

"ஆச்சுங்க சார். ஒண்ணுதான் பாக்கி. ஒன்பது வருசப் பழசு. அழிக்க முடியாம டாக்டர் பூட்டி வெச்சிருக்கார்."

கமலேஷ் சிரித்தார். "அதுங்களா! ஆபரேஷன் இருக்கற நாளெல்லாம் காலையில ரூமைச் சாத்திட்டு அதைத்தான் பார்ப்பாருங்க. சொந்தப் படத்துக்கு முதல் ஷோ போற ஹீரோ மாதிரி!"

ரூல் எல்லாம் நமக்குத்தான், பெரிய டாக்டருக்குக் கிடையாது போலிருக்கிறது. அப்படி என்னதான் சாதித்தார், பார்த்துவிடலாம் என்று ஃபாயிஸா அதைத் திறந்தாள்.

தெய்வம்மா, வயது 34, எஸ்டேட் தொழிலாளி. பித்தப்பை ஆபரேஷன்.

எத்தனையோ பார்த்தவள்தான். ஆனாலும் உடம்புக்குள் வெளிச்சம் போனதும் தெரிகிற அந்த இளஞ்சிவப்பும், மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குகிற ஈரலும் ஒவ்வொரு தடவையும் அவளை வாயடைக்க வைக்கும். படைச்சவன் எவ்வளவு நுணுக்கமா வெச்சிருக்கான் என்று இன்றும் நினைத்தாள்.

பதினெட்டாவது நிமிடம். கத்திரி, வெட்டக்கூடாத குழாயை வெட்டியது.

"ஐயோ" என்றது டாக்டரின் குரல்.

ஃபாயிஸா அவசரமாகப் பழைய ரெக்கார்டைத் தேடினாள். தெய்வம்மா, பதினோராம் நாள் மரணம்.

நிமிர்ந்தால், வாசலில் டாக்டர் நின்றிருந்தார்.

"பாத்துட்டீங்களா?"

"சார்... எங்கம்மாவுக்கும் இதே ஆபரேஷன்தானுங்களே?"

"இதேதானுங்க. பயமா இருந்தா சொல்லுங்க. கோயமுத்தூர்ல நல்ல டாக்டர்கிட்ட நானே பேசறேன். ஆம்புலன்ஸ்க்கும் சொல்றேன்."

"இதைப் போய் எதுக்குங்க சார் வெச்சிருக்கீங்க?"

"நல்லா முடிஞ்ச நானூறு வீடியோவை இன்னிக்கு அழிச்சீங்க. நான் ஒண்ணும் சொல்லலீங்களே? அதுல எனக்குக் கத்துக்க எதுவும் இல்லைங்க. எதை வெட்டறதுக்கு முன்னாலயும் ரெண்டு தடவை நின்னு பார்க்க வெக்கறது இதுதான். இன்னிக்கும் உங்கம்மாவுக்காக ஆறு மணிக்கே வந்து பாத்தேன்."

இவரையா கர்வம் பிடித்தவர் என்று நினைத்தோம்? ஃபாயிஸாவுக்கு வெட்கமாக இருந்தது. தன் தோல்வியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிற ஒரு மனிதரை அவள் இதுவரை கண்டதில்லை.

"அம்மாவைத் தியேட்டருக்குக் கூட்டிட்டு வரச் சொல்றேனுங்க சார்" என்று எழுந்தாள்.

வாசல் வரை போனவளுக்கு மனசு கேட்கவில்லை.

"அவங்க வீட்ல உங்க மேல கேஸ் எதுவும் போடலீங்களா சார்?"

"அந்தம்மா இறந்த அன்னிக்கே, வீட்டுக்காரர் பரமசிவனைக் கூட்டிட்டு வந்து இதைப் போட்டுக் காமிச்சேனுங்க. தப்பு என்னோடது, கேஸ் போடுங்க, நானே ஒத்துக்கறேன்னு சொன்னேன். மனுசன் முழுசும் உக்காந்து பாத்தாரு."

டாக்டர் திரையில் நின்றிருந்த படத்தைப் பார்த்தார்.

"'கேஸ் வேணாங்கய்யா. இனிமே யாரு வயித்துல கத்தி வெக்கிறதா இருந்தாலும், அதுக்கு முந்தி எம் பொண்டாட்டிய ஒருக்கா பாத்துட்டுப் போங்க'ன்னு சொன்னாரு."