பதில் வராத சோதனை

ஓசூர் பிரேக் கம்பெனியில் சரக்கு லாரி கிளம்ப முடியாமல் நின்றது. போன வாரம் வேலைக்குச் சேர்ந்த மேனேஜர் ராஜசேகர், புரோகிராமர் சுப்ரியாவின் கம்ப்யூட்டர் முன்னால் வந்து கத்தினார்.

"காலையிலிருந்து எர்ரர், எர்ரர்! மூணு வருஷமா ஓடுன கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட்ல ஏம்மா கை வெச்ச?"

"அது ஓடல சார், ஓடுற மாதிரி நடிச்சுது. பிரேக்கைச் சோதிக்கிற புரோகிராமை அதுதான் கூப்பிடும். அந்தப் புரோகிராம் பதிலே தரலன்னாலும், சோதனை ஆச்சு, பிரேக் நல்லாருக்குன்னு எழுதிரும். பதில் வரலன்னா அங்கயே நில்லுன்னு இப்ப மாத்திட்டேன்."

"பழசையே போடு."

"போட மாட்டேன் சார்."

"வேலை போயிரும்!"

"போகட்டும். சோதிக்காத பிரேக்கை நம்பி யாரோ ஒருத்தர் மலை இறக்கத்துல வண்டி ஓட்டணுமா?"

"அவார்டு வாங்குன ஸ்கிரிப்டும்மா அது! எழுதினவங்களைவிட உனக்கு அதிகம் தெரியுமோ? அவங்களைக் கூப்பிடு. அவங்க வாயால தப்புன்னு சொல்லட்டும், லாரில ஏத்துன பிரேக் பெட்டிங்களை நானே இறக்கச் சொல்றேன்."

சுப்ரியா எழுந்து நின்றாள்.

"தப்புதான் சார். எழுதினவ நான்தான். பெட்டிங்களை இறக்கச் சொல்லுங்க. இதுக்கு முன்னாடி போன பெட்டிங்களோட லிஸ்டும் எடுத்து வெச்சிருக்கேன்."