ஞாயிற்றுக்கிழமை நொண்டி

"ஒரு குதிரை ஆறு மாசமா நொண்டிக்கிட்டே கிடக்கு. இதுல மாஸ்டர்னு பேரு வேற!"

ஞாயிறு காலை பூட்ஸை மாட்டிக்கொண்டே பொருமினார் ஃபைல் சார்.

"அந்த மாஸ்டர்கிட்டதானே நீங்க சாணி அள்ளுறீங்க?" என்றாள் மனைவி, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே.

ஃபைல் சார் என்பது லாயத்துக்காரர்கள் வைத்த பேர். இருபது வருஷம் இன்சூரன்ஸ் ஆபீசில் பொய் கிளெய்ம்களைக் கண்டுபிடித்தவர். நாற்பத்தாறாவது வயதில் ராஜினாமா கொடுத்துவிட்டு, குதிரைப் பயிற்சியாளராகப் போகிறேன் என்று வந்து நின்றார்.

"மண்குதிரையை நம்பி ஆத்துல இறங்குனவங்களைக் கேள்விப்பட்டிருக்கேன். நிஜக் குதிரையை நம்பி ஆபீஸ்லேர்ந்து இறங்குன ஒரே ஆள் நீங்கதாங்க" என்றாள் மனைவி அன்றைக்கு.

மாஸ்டர் ஒரு பெண். வயது இருபத்தொன்பது. நாக்கு மட்டும் அதைவிட மூத்தது.

"சார், குதிரைக்குப் பின்னாடி நிக்காதீங்க. உங்க சர்வீஸ் எல்லாம் அதுக்குத் தெரியாது."

ஆறு மாதம் பொறுத்துக்கொண்டார். இந்த மாதக் கடைசியில் மாஸ்டர் 'தேறினார்' என்று எழுதிக் கொடுத்தால்தான் உதவிப் பயிற்சியாளர் வேலை.

செவ்வாய்க்கிழமைதான் வந்தது வினை.

மறந்து வைத்த குடையை எடுக்க மத்தியானம் திரும்பிப் போனவர், பின்பக்க மைதானத்தில் அந்த நொண்டிச் செம்பட்டைக் குதிரையைப் பார்த்தார். மாஸ்டரைச் சுமந்துகொண்டு சிட்டாய்ப் பறந்துகொண்டிருந்தது!

ஓனர் பார்க்க வரும் ஞாயிறானால் மட்டும் நொண்டுகிறது. மற்றபடி அதன் பக்கம் யாரையும் விடுவதில்லை மாஸ்டர். எந்நேரமும் போர்வை வேறு.

"குளம்புல கல்லைச் செருகி வைக்கிறா. அது குணமாயிட்டா ஓனர் ஓட்டிட்டுப் போயிடுவார், மாசாமாசம் வர்ற ஃபீஸும் போயிடும்ல? இன்னைக்கு அவர் முன்னாடியே காலைத் தூக்கிக் காட்டப் போறேன்" என்றார் ஃபைல் சார், பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டே.

"உங்க வேலை?"

"போனா போகட்டும். வாயில்லாத ஜீவன்மா!"

மனைவி முதல்முறையாகப் பேப்பரை மடித்தாள். "அப்ப போய்ச் சொல்லிட்டே வாங்க."

பத்து மணிக்கு ஓனரின் கார் வந்தது. விலங்கு நேசர் சங்கத் தலைவர். நூற்றுப்பத்து கிலோ கருணை கதவைத் திறந்துகொண்டு இறங்கியது. பின்னாலேயே போட்டோகிராபர்.

மாஸ்டர் கயிற்றைப் பிடித்துக் குதிரையை வெளியே நடத்தி வந்தாள். முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் தத்தித் தத்தி வந்தது.

"என் தங்கமே! உன்னைப் பார்த்தா மனசு தாங்கலையே!" ஓனர் கேரட்டை நீட்டினார். கேமரா மின்னியது. கேமரா இறங்கியதும் கேரட்டும் இறங்கியது.

"எப்ப ஏறலாம்? அதைச் சொல்லு முதல்ல" என்றார் மாஸ்டரிடம்.

"ஒரு நிமிஷம் சார்!" ஃபைல் சார் முன்னால் வந்தார். மாஸ்டரின் முகம் வெளுத்ததை ஓரக்கண்ணால் ரசித்தார். குனிந்து, குதிரையின் காலைத் தூக்கி மடக்கி, குளம்பை விரலால் துழாவினார்.

கல் இல்லை. ஆணி இல்லை. வீக்கம் இல்லை, சூடு இல்லை.

"என்னய்யா தெரியுது?" என்று ஓனர் நெருங்கி வந்தார்.

கையில் பிடித்திருந்த கால் வெடவெடவென்று நடுங்கியது. குதிரை உதறிக்கொண்டு ஒதுங்க, போர்வை சரிந்து விழுந்தது.

விலாவின் இரண்டு பக்கமும் ரோமம் முளைக்காத வட்ட வட்டத் தழும்புகள். ஒன்றின்மேல் ஒன்றாக, எண்ண முடியாதபடி. ஏறி உட்கார்ந்தால் குதிகால் படும் இடம்.

ஃபைல் சாரின் பார்வை கீழே போனது. ஓனரின் பூட்ஸ் குதிகாலில், குதிரையைக் குத்தி விரட்டும் முள்ளுச்சக்கரம் பளபளத்தது.

"அட, சொல்லுய்யா!"

ஃபைல் சார் நிமிர்ந்தார். போர்வையை எடுத்துக் குதிரைமேல் போட்டார்.

"கால்... ரொம்ப மோசமா இருக்கு சார். இப்போதைக்கு ஏறவே முடியாது."

"ஆறு மாசமா இதைத்தான் கிழிக்கிறீங்களா? தண்டச்சோறுங்க! சங்கத்துக்குத் தலைவராச்சேன்னு பாக்குறேன், இல்லேன்னா இதை என்னைக்கோ அடிமாட்டோட ஏத்தி அனுப்பியிருப்பேன்!"

கார் கதவு படாரென்று சாத்தப்பட்டது. தூசு அடங்கியது.

மாஸ்டர் மெல்ல நாக்கைச் சொடுக்கினாள். குதிரை காலை அழுத்தி ஊன்றி, ஒரு கோணலும் இல்லாமல் லாயத்தைப் பார்த்து நடந்தது.

ஃபைல் சார் வாயைப் பிளந்தார். "அப்ப... எந்தக் காலத்துலயுமே இதுக்குக் கால்ல ஒண்ணும் இல்லையா மாஸ்டர்?"

"இல்ல சார். நாளையிலேர்ந்து நீங்களும் இவளை மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போலாம்" என்றாள் மாஸ்டர், கயிற்றைச் சுருட்டிக்கொண்டே. "ஓடுறதெல்லாம் இவளுக்குத் தானா வந்துடுச்சு. நொண்டக் கத்துக்கொடுக்கத்தான் எனக்குப் பிராணன் போச்சு!"