போனுக்குத் தெரிந்த பெயர்

"யாருங்க அந்தச் சாந்தா?"

வாயில் வைத்த இட்லியை விழுங்க மறந்தான் கலைச்செல்வன். கேள்வி கேட்ட கவிதா, அவன் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி இந்த ஏழு மாதத்தில் அவளிடம் இப்படி ஒரு குரலை அவன் கேட்டதே இல்லை.

சங்கதி இதுதான். செந்துறையில் இருக்கும் தங்கைக்கு, சமையல் ஆச்சா என்று ஒரு மெசேஜ் அனுப்ப உட்கார்ந்தாள் கவிதா. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவதுதான் எல்லோருக்கும் வழக்கம். ஒரே பொத்தானில் மூன்று நாலு எழுத்து இருக்கும்; மூன்று பொத்தானை அமுக்கினால் மீதியைத் தானாகவே ஊகித்து முடித்துவிடும் அந்தப் போன். சமையலுக்குப் பதிலாக அது முடித்துக் கொடுத்த சொல், சாந்தா.

கம்பெனிக்காரன் போட்டு வைத்திருப்பான் என்றான் கலைச்செல்வன்.

கவிதா அதற்கெல்லாம் மசிகிறவள் இல்லை. பெரம்பலூரில் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்வந்தவள். கம்பெனிக்காரன் போட்டுத் தருவது இங்கிலீஷ் வார்த்தைகளை மட்டும்தான். நம்மூர் ஆள் பெயரெல்லாம் யாராவது ஒரு தடவையாவது எழுத்துக்கூட்டிச் சொல்லிக் கொடுத்தால்தான் போனுக்குத் தெரியும். அதைச் சோதித்தும் பார்த்துவிட்டாள். கவிதா என்று அடிக்கப் போனால் போன் திருதிருவென்று விழித்தது. கட்டிய பெண்டாட்டியைத் தெரியவில்லை, சாந்தாவைத் தெரிகிறது.

"தலை தீபாவளிக்கு எங்கப்பா பொட்டியோட குடுத்த போனுங்க இது. அதுலயே இன்னொருத்தி பேர அடிச்சு வச்சிருக்கீங்களே."

அவன் கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான். சிமெண்ட் ஆலையிலிருந்து சாயங்காலம் திரும்பியவன் கொல்லைப்பக்கம் போய் நின்று, போனில் எதையோ அமுக்கிக்கொண்டே இருந்தான். அழிக்கப் பார்க்கிறான் என்பது அவளுக்குத் தெரியாதா? அப்புறம் அவள் அடித்துப் பார்த்தபோதும் சாந்தா இருந்த இடத்திலேயே இருந்தாள். அப்படி யாரையும் தனக்குத் தெரியாது என்று சத்தியம் செய்தான். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னான்.

"மாமாகிட்ட மட்டும் இதச் சொல்லிடாத கவிதா. ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இது போதாதா? அதுவரை சந்தேகமாக இருந்தது அந்த நிமிஷமே உறுதியாகிவிட்டது. மறுநாள் காலையில் அவன் தலை மறைந்ததும், தெருமுனை ஒரு ரூபாய் போனிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டு அழுதாள். தன் வாழ்க்கையில் எவளோ மண்ணள்ளிப் போடுகிறாள் என்பதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

"அழுவாதடி. ஒங்கப்பாவ அனுப்புறேன். இன்னொரு பொம்பளைய ஏறெடுத்துப் பாக்காத மனுசன். அவரு கேக்குற வெதத்துல கேப்பாரு."

ஞாயிற்றுக்கிழமை, செந்துறை பஸ்ஸில் அரியலூர் வந்து இறங்கினார் இளையபெருமாள். முந்திரி வியாபாரி. சந்தையில் நாலு பேரை அடக்கிப் பேசிப் பழகிய குரல். வந்ததும் வராததுமாக நடுவீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாப்பிள்ளையை ஒரு பிடி பிடித்தார். நல்ல குடும்பத்துப் பிள்ளை செய்கிற வேலையா இது, ஊரில் தான் தலைநிமிர்ந்து நடக்க வேண்டாமா என்று கேட்டார். கலைச்செல்வன் குனிந்த தலை நிமிரவில்லை. கள்ளனுக்கு எங்கிருந்து பேச்சு வரும் என்று நினைத்துக்கொண்டாள் கவிதா.

"சரி, எவ அவ? பேரச் சொல்லும்மா."

அவள் வாயால் சொல்லவில்லை. போனை எடுத்து மூன்று பொத்தானை அமுக்கி, அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

இளையபெருமாள் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பாவம், அப்பாவுக்கு மனசு விட்டுப்போய்விட்டது என்று பதறிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள் கவிதா.

சொம்போடு திரும்பியவள் அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள். நடுவீட்டில் அப்பா, அந்தச் சந்தைக் குரலை எங்கேயோ தொலைத்துவிட்டு, மாப்பிள்ளையின் காதோரம் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்தப் போன நான் வச்சிருந்தப்ப அனுப்புன மெசேஜ் எல்லாத்தையும் அன்னிக்கே அழிச்சிட்டேன்னு சொன்னீங்களே, மாப்பிள்ளை."