கிருமிக்கு அஞ்சாதவர்

"உலகத்துல இருக்கிற கிருமி மொத்தமும் ஒண்ணு சேர்ந்தாலும் என்கிட்ட நெருங்க முடியாது. நான் இறங்காத சாக்கடை இருக்கா?"

பிளம்பர் இதைப் போனில் சொன்னார். விளையாட்டாக அல்ல, நிஜமாகவே நம்புகிறவர் போலச் சொன்னார்.

மறுமுனையில் அவர் மனைவி. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி ஒரு வாரம் ஆகிறது. காலையில் ரத்தம் சோதித்ததில் வெள்ளை அணுக்கள் அதலபாதாளத்தில் இருந்தன.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"உடம்புக்குள்ள காவலுக்கே ஆளில்லையாம். மத்தவங்களுக்கு வர்ற சாதாரண சளி எனக்கு வந்தா உயிருக்கே ஆபத்தாகலாமாம். லேசா காய்ச்சல் அடிச்சாலும் மாத்திரையைப் போட்டுக்கிட்டுப் படுக்காம, உடனே ஆஸ்பத்திரிக்கு வரணுமாம்." குரல் இறங்கியது. "அக்கா என்கூடத்தான் இருக்கா. ஆனா பயமா இருக்குங்க. நீங்க வந்தா நல்லாருக்கும்."

"வெளியூர் வேலைடி. குழாயைப் பிரிச்சுப் போட்டுட்டு வந்தா, அஞ்சு மாடிக்காரங்களும் பக்கெட்டோட என்னைத் துரத்துவாங்க."

"என் தம்பியாவது வந்தான்."

"அவனா? மூக்கு ஒழுகுதுன்னு வாசல் கேட்டுக்கு வெளியவே நின்னு கையாட்டிட்டுப் போனானே, அதுக்குப் பேரு வர்றதா? மிருகக்காட்சி சாலைக்கு வர்றவன்கூட கம்பி வரைக்கும் வருவான். நானா இருந்தா நேரா உள்ள வந்து உன் கையைப் பிடிச்சிருப்பேன்."

"பிடிக்க ஆளு எங்க இருக்கு?"

பிளம்பர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"முடி கொட்டினதுலேருந்தே நீங்க சரியில்ல" என்றாள் அவள். "என்னைப் பார்க்கப் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"சீ, லூசு மாதிரி பேசாத..." இன்னும் ஏதோ சொல்ல வந்தவர், "மேஸ்திரி கூப்பிடுறாரு" என்று அவசரமாகப் போனை வைத்தார்.

வைத்த பிறகுதான் அதுவரை அடக்கியிருந்த இருமலை வெளியே விட்டார். கண்ணில் நீர் முட்டும்வரை இருமினார். உடம்பு அனலாய்க் கொதித்தது. முந்தாநாள் தொண்டை கரகரத்ததுமே பையைத் தூக்கிக்கொண்டு வெளியூருக்குக் கிளம்பியவர். உண்மையைச் சொன்னால் அவள் வெந்நீரும் கையுமாக ஓடி வந்துவிடுவாள்.

அந்த வெளியூர், அவர் வீட்டுக்கு எதிரே இருக்கும் பெயின்ட் கடையின் பின்னறை. முகத்தைத் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தவர், சாத்தியிருந்த தன் வீட்டு ஜன்னலைப் பார்த்து மெல்லக் கையாட்டினார்.