படம் முடியட்டும்

அண்ணி நான்கு டம்ளர்களை எடுத்து வைத்தாள். பிறகு ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

சமையலறை வாசலில் நின்று அதைப் பார்த்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்திருந்தேன்.

அண்ணன் அன்று மதியம் இறந்துவிட்டான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். மேலே நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது கால் தவறிவிட்டது.

மாலை வகுப்புக்குள் நுழையப் போகும்போது அவனோடு வேலை செய்கிறவர் எனக்கு ஃபோன் செய்தார். "வீட்ல நீதாம்மா பக்குவமா சொல்லணும்" என்றார்.

கடைசியாக அண்ணன் என்ன சொன்னான் என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"ஸ்பேனர் கேட்டான்மா" என்று சொல்லிவிட்டு அவர் அழ ஆரம்பித்துவிட்டார்.

பேருந்தில் வரும்போது எல்லாவற்றையும் வரிசைப்படுத்திக்கொண்டேன். முதலில் அண்ணியை உட்கார வைக்க வேண்டும். அடிபட்டுவிட்டது என்று சொல்ல வேண்டும். பிறகு ஆஸ்பத்திரி. மிச்சம் கடைசியில். அம்மாவுக்கு அண்ணியும் நானும் சேர்ந்து சொல்வது.

எதையும் வரிசைப்படுத்தாமல் எனக்குச் செய்ய வராது. வரிசைப்படுத்தியதை ஒழுங்காகச் செய்ததும் இல்லை.

ஜன்னல் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். சாவுச் செய்தி கொண்டுபோகிற முகமாகத் தெரியவில்லை. தூக்கம் போதாத முகமாக இருந்தது.

போன வாரம் சினிமா வகுப்பில் இதுதான் பாடம். சாவுச் செய்தி கேட்கிறவர்களைப் பழைய படங்கள் எப்படிக் காட்டின, இப்போதைய படங்கள் எப்படிக் காட்டுகின்றன.

பழைய படத்தில் அவள் கையிலிருந்து தட்டு விழுந்தது. விளக்கு அணைந்தது. இடி வேறு இடித்தது. புதிய படத்தில் அவள் குழாயை மூடினாள், கையைத் துடைத்தாள், 'சரி' என்றாள்.

நிஜத்தில் யார் கையிலிருந்தும் தட்டு விழுவதில்லை என்றார் ஆசிரியர். எல்லோரும் சிரித்தோம். நான் அதை எழுதி அடிக்கோடும் இட்டுக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் இரண்டு கட்சியும் உண்டு.

அம்மா பழைய படக் கட்சி. தாய் மடியில் மகன் சாகிற கட்டம் வருவதற்கு முன்பே துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வாள்.

அண்ணி விடமாட்டாள். "குண்டு பட்டவன் இவ்ளோ பேசுறானே அத்தை, உங்க பிள்ளைக்கு நல்லா இருக்கும்போதே நாலு வார்த்தை வராது."

அம்மாவா சும்மா இருப்பாள்? "உங்க படம் மட்டும் என்ன வாழுதாம்? வீட்ல சாவு விழுந்திருக்கு, அவ டீ போட்டுக்கிட்டிருக்கா."

எது நல்லது என்று அண்ணனைக் கேட்டால், கரெண்ட் போனால் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து தூங்கிவிடுவான்.

இப்போது அண்ணி டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

பால் பொங்கி வந்தது. சரியான நேரத்தில் அடுப்பைத் தணித்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

இவளுக்கு இன்னும் தெரியாது என்று நினைத்தேன். பிறகுதான் அலமாரிக்குத் திரும்பிப் போன டம்ளர் உறைத்தது. அண்ணன் வீடு திரும்புகிற நேரம் அது. அவனுக்கும் சேர்த்துத்தான் எப்போதும் போடுவாள்.

"அண்ணி" என்றேன். வரிசை எல்லாம் கலைந்துவிட்டது.

அவள் திரும்பவில்லை. வடிகட்டியைத் தட்டி டீத்தூளைக் கொட்டினாள்.

"தெரியும். சூப்பர்வைசர் ஃபோன் பண்ணிட்டார்." கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல். "அத்தைக்குத் தெரியாது. படம் ஓடிட்டிருக்கு. முடியட்டும். அதுவரைக்கும் யார் பெத்த பிள்ளைக்கோ அழுதுட்டிருக்கட்டும்."

குழாயை மூடினாள். கையைத் துடைத்தாள்.

ஆசிரியர் சொன்னது சரிதான் என்று என் புத்தி அந்த நேரத்திலும் குறித்துக்கொண்டது. எனக்கே வெட்கமாக இருந்தது.

"மூஞ்சியக் கழுவிட்டு இதைக் கொண்டுபோய்க் குடு" என்று ஒரு டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

ஹாலில் விளக்குப் போடவில்லை. டிவி வெளிச்சம் மட்டும் இருந்தது. அந்தக் கட்டமேதான். மகன் தாய் மடியில் கிடந்தான். பேசிக்கொண்டே இருந்தான். பின்னால் வயலின்கள் அழுதன.

அம்மா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். டம்ளரை வாங்கினாள். ஊதி ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

துண்டு மடித்த மடிப்புக் கலையாமல் நாற்காலிக் கையில் கிடந்தது.

அம்மாவின் கண்களைப் பார்த்தேன். நான் கவனித்ததில் தவறு இருக்கலாம் என்று மறுபடியும் பார்த்தேன். அவை காய்ந்திருந்தன.

அம்மா திரையிலிருந்து பார்வையை எடுக்காமலே என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள். என் காதருகே, ஆனால் டிவி சத்தத்துக்கு மேல் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அவன் கூட்டாளிப் பையன் எனக்கு ஃபோன் போட்டான்டி. அவகிட்ட எதையும் காட்டிக்காத. மத்தியானம் சாப்பிட்டாளோ என்னமோ, அந்த டீயையாவது குடிக்கட்டும். படம் முடியட்டும், நானே சொல்லிக்கிறேன்."

எனக்குப் பின்னால் டம்ளர் விழுந்தது.

அண்ணி ஹால் வாசலில் நின்றிருந்தாள். கை மட்டும் இன்னும் டம்ளரைப் பிடித்திருப்பதைப் போல வளைந்தே இருந்தது. டம்ளர் உருண்டு வந்து அம்மாவின் நாற்காலிக் காலில் முட்டி நின்றது.

அம்மா துண்டை எடுத்து, உதறி, அவளிடம் நீட்டினாள்.

படம் முடிய இன்னும் நேரம் இருந்தது.