நெளியாத கோடு

கணவர் இறந்த எட்டாம் நாள் அவள் வேலைக்கு வந்து, கட்டுப்பாட்டு அறையில் தன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். காலை வெயில் கணினித் திரையில் படிந்த தூசியைக் காட்டுகிறது. கண்ணாடிக்கு அப்பால் பால் காய்ச்சும் தொட்டிகள் முனகுகின்றன. சூடு ஏறினால் நீராவி வால்வு சற்று மூடும், இறங்கினால் திறக்கும். அந்தக் கணக்கை எழுதி இயந்திரத்துக்குள் வைத்தவள் அவள்தான். திரையில் பாலின் சூட்டைக் காட்டும் பச்சைக் கோடு ஒன்று எழுபத்திரண்டு டிகிரியை ஒட்டி எந்நேரமும் லேசாக நெளிந்துகொண்டிருக்கும்.

"பாத்தீங்களாம்மா, நூல் புடிச்ச மாதிரி போகுது," என்கிறார் தொட்டிகளைக் கவனிக்கும் ஆபரேட்டர். "உங்களை மாதிரியே. அன்னைக்கு வீடே உடைஞ்சு கெடந்தப்பகூட நீங்க அசையலையே."

அவள் கோட்டைப் பார்க்கிறாள். கால் மணி நேரமாக ஒரு நெளிவும் இல்லை.

"வால்வைக் கையால மூடுங்கண்ணா. உயிரோட இருக்கிற கோடு இப்படிப் போகாது. சூட்டை அளக்கிற சென்சார் செத்துப்போச்சு."

அந்தக் கடைசிச் சொல்லில் அவர் ஒரு கணம் நின்றுவிடுகிறார். அவள் குரலில் மாற்றமே இல்லை. அவர் ஓடுகிறார். வால்வுச் சக்கரம் கிறீச்சிடுகிறது. தொட்டிக்குள் வெப்பமானியை விட்டுப் பார்த்து, "தொண்ணூத்தி நாலும்மா!" என்று கத்துகிறார்.

திரும்பி வந்தவர் அறை மூலையிலிருக்கும் மின்னடுப்பிலிருந்து கெட்டிலை இறக்கி டீயை ஊற்றி அவள் முன் வைக்கிறார். "இப்பதான் கொதிச்சது, ஆறட்டும்," என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொள்கிறார்.

துண்டை எடுத்துவிட்டுப் பார்க்கும்போது, ஆவி பறக்கும் டம்ளரில் பாதி இல்லை. அவள் முகத்தில் ஒரு நெளிவும் இல்லை.